டர்பனில் ஒரு வீட்டைக் கோயிலாகவோ தமிழ்ப் பாடசாலையாகவோ மாற்ற: நிலப் பயன்பாட்டு மண்டலங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. நல்ல விலைக்கு ஒரு வீடு வருகிறது. கோயில் கமிட்டி கட்டட நிதியைப் போட்டு வாங்கிவிடுகிறது. முன்னறையில் மூர்த்தியை வைத்து வெள்ளிக்கிழமைப் பூஜை, பின்னறையில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. சில மாதங்களில் மாநகராட்சியிலிருந்து கடிதம் வருகிறது: இந்த மனையை அனுமதியில்லாத பயன்பாட்டுக்கு வைத்திருக்கிறீர்கள், நிறுத்துங்கள். சோனிங் (எந்த மனையை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற மண்டலப் பிரிப்பு) என்ற பேச்சே அப்போதுதான் கமிட்டிக் கூட்டத்தில் எழும்.

வாங்கும் முன்பே சோனிங்கைப் பார்த்திருந்தால் விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம்: வழிபாட்டுக்கு அனுமதி கிடைத்தால்தான் இந்த விற்பனை செல்லும் என்று. விற்பவர் ஒத்துக்கொண்டால் உங்கள் பணம் பத்திரம். ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது என்பேன். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு நிபந்தனையைத் தைரியமாகப் போடுவதற்கான ஆயத்தம்தான்.

டர்பனை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஆனால் அடிப்படைச் சட்டம் தென்னாப்பிரிக்கா முழுக்க ஒன்று என்பதால் லெனேஷியா, லாடியம், கேப் டவுனின் ரைலண்ட்ஸ், கெபேஹாவின் (பழைய போர்ட் எலிசபெத்) மலபார் போன்ற இந்தியர் பேட்டைகள் எல்லாவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், முடிவு யார் கையில்?

தென்னாப்பிரிக்காவில் நிலப் பயன்பாட்டை ஆள்வது 2013ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டம், அதாவது இடத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டு மேலாண்மைச் சட்டம். ஸ்ப்ளூமா என்று எல்லாரும் சுருக்கிச் சொல்வார்கள். 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லை முழுவதற்கும் ஒரே நிலப் பயன்பாட்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பேச்சில் இதை ஸ்கீம் என்பார்கள். ஸ்கீமுக்குச் சட்டத்தின் வலு உண்டு. நிலத்தின் சொந்தக்காரர், வாடகைக்கு இருப்பவர், அரசுத் துறை என்று எல்லாரையும் அது கட்டுப்படுத்தும். மீறினால் அது குற்றம். அபராதம், சிறை வரை போகலாம்.

ரீசோனிங் (மனையின் மண்டலத்தையே மாற்றுவது) போன்றவற்றை முடிவு செய்வது நகராட்சியின் அதிகாரம், மாகாணத் தீர்ப்பாயம் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்று 2010இல் அரசமைப்பு நீதிமன்றம் ஜோஹன்னஸ்பர்க் மாநகராட்சி தொடுத்த வழக்கில் தீர்த்துவிட்டது. ஆகவே மாகாணத்தில் பெரிய ஆளைத் தெரியும் என்று கமிட்டியில் யாராவது சொன்னால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். டர்பனில் வேலை எதெக்வினி மாநகராட்சியின் திட்டமிடல் பிரிவில்தான். சின்ன விண்ணப்பங்களை அதிகாரம் பெற்ற அலுவலர் முடிப்பார். பெரியவை, எதிர்ப்பு வந்தவை நகராட்சித் திட்டமிடல் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

நம் பேட்டைகளின் சோனிங்கை இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. 1950இல் வந்து 1991இல் நீக்கப்பட்ட அந்தச் சட்டத்தின்கீழ்தான் கேட்டோ மேனர் முதலிய இடங்களிலிருந்து குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. 1960களில் சாட்ஸ்வொர்த்தும் 1970களில் ஃபீனிக்ஸும் வரைபடப் பலகையில் பிறந்தன. வீடு இங்கே, பள்ளி அங்கே, கடை அந்த மூலையில் என்று யாரோ கோடு போட்டார்கள். மக்கள் எங்கே கூடிக் கும்பிடுவார்கள் என்று குடிவந்தவர்களைக் கேட்டுப் போட்ட கோடு அல்ல அது. அந்தக் கோடுகள் பலவும் இன்றைய ஸ்கீம் வரைபடத்தில் அப்படியே கிடக்கின்றன.

பொது, அரைப் பொது: எந்தப் பெட்டியில் எது?

இந்தியாவில் படித்தவர்களுக்கு டெல்லி முழுமைத் திட்டத்தின் பொது, அரைப் பொதுப் பயன்பாடு என்ற தலைப்பு தெரிந்திருக்கும். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் நிறுவனப் பயன்பாட்டு மண்டலம் உண்டு. இங்கே அப்படி ஒரே குடை கிடையாது. துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்ப்ளூமாவின் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். கலாசார நிகழ்ச்சி, லாப நோக்கமில்லாத கூட்டம் எல்லாம் சமூகப் பயன்பாடு. பள்ளி, குழந்தைகள் காப்பகம், நூலகம் கல்விப் பயன்பாடு. மருத்துவமனை, முதியோர் இல்லம், தொண்டு நிறுவனம் நிறுவனப் பயன்பாடு. மதக் கூட்டங்களோ, பூங்கா, விளையாட்டுத் திடலோடு சேர்ந்து பொதுப் பயன்பாட்டுக்குள் வருகின்றன. கோயிலும் பூங்காவும் ஒரே வரியில் என்பது விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படி.

நடைமுறைக்கு நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். அரசு நடத்துவது ஒன்று: அரசுப் பள்ளி, கிளினிக், காவல் நிலையம். சமூகம் நடத்துவது இரண்டு: கோயில், மசூதி, சர்ச், தமிழ்ப் பாடசாலை, சாட்ஸ்வொர்த்தின் ஆரியன் பெனவலண்ட் ஹோம் போன்ற முதியோர் இல்லம். இந்தியத் திட்டங்களில் அரைப் பொது என்பதற்குள் வருவது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். மூன்றாவது, கட்டடமே முக்கியமில்லாதவை: திறந்தவெளி, இடுகாடு, மின் துணைநிலையம். கிளேர் எஸ்டேட் தகன மயானம் மாதிரியானவற்றுக்குத் தனி விதிகள். கமிட்டிகள் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

ஒவ்வொரு நகராட்சியும் இவற்றுக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளும். கேப் டவுனில் கம்யூனிட்டி 1 உள்ளூர் அளவுக்கு, கம்யூனிட்டி 2 பெரிய வட்டாரத்துக்கு. எதெக்வினியில் பழைய நகராட்சிகள் பல ஒன்றாகச் சேர்ந்ததால் பகுதிக்குப் பகுதி மண்டலப் பெயர் மாறும். வீட்டு மண்டலங்களுக்கு ஸ்பெஷல் ரெசிடென்ஷியல் 400, 650 என்று எண்ணோடு பெயர் இருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த எண் குறைந்தபட்ச மனைப் பரப்பு, சதுர மீட்டரில்.

மனையின் ஜாதகம்

இனி வேலை. தெருப் பெயரும் கதவு எண்ணும் போதாது. எர்ஃப் எண், அதாவது மனையின் பதிவு எண் வேண்டும். சொத்துவரி ரசீதில் இருக்கும். மாநகராட்சியின் இணைய வரைபடத்தில் அந்த எண்ணைப் போட்டால் மண்டலம் தெரியும். அதோடு நிறுத்தாதீர்கள். வரைபடம் தகவலுக்குத்தான், எழுத்தில் சோனிங் சான்றிதழ் வாங்குங்கள். கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும், பரவாயில்லை.

சான்றிதழ் கையில் வந்ததும் ஸ்கீமில் அந்த மண்டலத்தின் அட்டவணையைத் திறங்கள். மூன்று பத்தி இருக்கும். கேட்காமலே செய்யக்கூடியவை முதல் பத்தி. மாநகராட்சியின் சிறப்பு ஒப்புதலோடு செய்யக்கூடியவை இரண்டாவது. அறவே கூடாதவை மூன்றாவது. உங்கள் பயன்பாடு எந்தப் பத்தியில் என்பதை வைத்துத்தான் வழி பிரியும். கேப் டவுனில் வழக்கமான தனி வீட்டு மண்டலத்திலேயே வழிபாட்டிடமும் கற்பிக்கும் இடமும் ஒப்புதலோடு செய்யக்கூடியவையாக இருக்கின்றன. அந்த ஊர்க் கமிட்டிகளுக்கு இது பெரிய வசதி. டர்பனில் உங்கள் மண்டலத்தின் அட்டவணையை வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும்.

வரையறைகளையும் விடாதீர்கள். வழிபாட்டிடம் என்பதற்குள் கல்யாண மண்டபம் அடங்குமா? பெரும்பாலும் அடங்காது. கோயில் உறுப்பினர் வீட்டுக் கல்யாணம் வேறு, ஞாயிறுதோறும் வாடகைக்கு விடும் மண்டபம் வேறு. கேப் டவுனில் கம்யூனிட்டி 1 மண்டலத்தில் கோயிலும் பாடசாலையும் கேட்காமலே நடத்தலாம். மக்கள் கூடும் மண்டபத்துக்கோ தனி ஒப்புதல் வேண்டும். மண்டப வாடகைதான் கோயிலை நடத்தும் வருமானம் என்று கணக்குப் போட்டிருக்கும் கமிட்டி இதை முதலிலேயே விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்.

பழைய கோயில்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. ஸ்கீம் வருவதற்கு முன்பிருந்தே சட்டப்படி நடந்துவந்த பயன்பாட்டை, இன்றைய மண்டலம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தொடரலாம். ஆனால் இடையில் நீண்ட காலம் நிறுத்திவிட்டால் அந்த உரிமை போய்விடும். புதிதாக ஒரு மண்டபம் சேர்த்தால் அந்த மண்டபத்துக்கு அது பொருந்தாது. நிரூபிக்கப் பழைய ரசீது, விழா அழைப்பிதழ், புகைப்படம் எல்லாம் உதவும். கேப் டவுனின் மௌப்ரேயில் இருக்கும் தேசிய நிலவரைபட அலுவலகத்தில் 1930கள் தொட்டு எடுத்த வான்படங்கள் இருக்கின்றன. அதில் உங்கள் கோயில் கூரை தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

டைட்டில் டீட் என்ற இரண்டாவது பூட்டு

சோனிங் சரியாக இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டைட்டில் டீட் எனும் மனையின் உரிமைப் பத்திரத்தில் பழைய நிபந்தனைகள் இருக்கும்: இந்த மனையில் ஒரே ஒரு குடியிருப்பு வீடுதான் கட்டலாம், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற மாதிரி. ஸ்கீம் அனுமதித்தாலும் பத்திர நிபந்தனை தடுத்தால், தடுத்ததுதான். ஸ்ப்ளூமாவின் 47ஆம் பிரிவின்படி அதை நீக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரீசோனிங்கோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் ஒரே அறிவிப்பில் முடியும்.

டர்பன் அடங்கிய க்வாசுலு-நட்டால் மாகாணத்துப் பத்திரங்களின் நகலைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பெறலாம். டர்பனின் பழைய பத்திரம் சிலவற்றில் இந்தியருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற வாசகமே கண்ணில் படும். 1922இல் நட்டால் மாகாணம் நிறைவேற்றிய ஒரு ஆர்டினன்ஸ், நகராட்சி நிலத்தை இன அடிப்படையில் விற்க வழி செய்தது. படித்தால் கோபம் வரும். இன்று அதற்குச் சட்ட வலு இல்லை. உங்கள் விண்ணப்பத்தை அது தடுக்காது. கீழே இருக்கும் சாதாரண நிபந்தனைகளில் கண் வையுங்கள், தடுப்பது அவைதான்.

ஆறு, பசுமை, அறுபது வயது

நம் முன்னோர் ஆற்றங்கரையில் கோயில் கட்டினார்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்பலவாணர் ஆலயம் 1905 வெள்ளத்தில் போனது. இன்று பெல்லேர் சாலையில் நிற்பது பிறகு கட்டியது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கு மேற்பட்டோர் இறந்த பிறகு வெள்ளக் கோட்டை மாநகராட்சி லேசாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் கோடு மனையின் குறுக்கே போகிறதா என்று கேளுங்கள். கூடவே டர்பனின் திறந்தவெளி அமைப்பான டிமாஸ் மனையைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். அது சோனிங்குக்கு மேல் இன்னொரு அடுக்கு. தொட்டால் சுற்றுச்சூழல் பிரிவின் கருத்தும் தேவைப்படும்.

கட்டடம் 60 ஆண்டைத் தாண்டியதா? அப்படியானால் இடிக்கவோ மாற்றவோ 1999ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டப்படி மாகாண அமைப்பின் அனுமதி வேண்டும். இங்கே அது அமாஃபா. சாட்ஸ்வொர்த்தின் முதல் வீடுகள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒப்புதலா, ரீசோனிங்கா?

இரண்டுக்கும் வழி இருந்தால் எதை எடுப்பது? சின்னக் குழு, வாரம் ஒரு கூட்டம், வீட்டின் உருவம் மாறாது என்றால் சிறப்பு ஒப்புதலே போதும். வீட்டு மண்டலம் அப்படியே இருக்கும். நாளைக்கு விற்றால் வீடாகவே விற்கலாம். கோபுரம் எழுப்பிக் குடமுழுக்குச் செய்து பேரப்பிள்ளை காலம் வரை நிற்க வேண்டும் என்றால் ரீசோனிங். செலவு அதிகம், காலம் அதிகம், ஆனால் உரிமை உறுதி. நடுவில் நிற்கும் கமிட்டிகளுக்கு என் யோசனை: முதலில் ஒப்புதல், ஐந்தாறு ஆண்டு அக்கம்பக்கத்தோடு நல்ல பேர், அப்புறம் ரீசோனிங். எதிர்ப்புக் கடிதங்கள் பாதியாகக் குறையும்.

பொதுவாக உங்கள் வீட்டுப் பூஜையறைக்கு எந்த ஒப்புதலும் வேண்டாம். நண்பர் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் தமிழ் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுத் தொழில் விதிக்குள் அடங்கிவிடும். பலகை மாட்டி, வகுப்பறை பிரித்து, வாசலில் கார் வரிசை நின்றால்தான் அது பாடசாலை.

விண்ணப்பக் கட்டும் கார் நிறுத்தும் கணக்கும்

விண்ணப்பிக்கும் முன் திட்டமிடல் அதிகாரியோடு ஒரு சந்திப்பு கேளுங்கள். அங்கேயே என்னென்ன அறிக்கை வேண்டும் என்று தெரிந்துவிடும். வழக்கமாகக் கேட்பவை: பத்திர நகல், சர்வேயர்-ஜெனரல் வரைபடம், மனை வரைவு, காரண அறிக்கை, கமிட்டித் தீர்மானம், உரிமையாளரின் ஒப்பம். இன்னும் விற்பவர் பேரில் இருந்தால் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம். எழுதிக் கொடுக்க ஆள் வைத்தால் சாக்பிளான் எனப்படும் திட்டமிடுநர் மன்றத்தில் பதிவு செய்தவரா என்று கேட்டுவிடுங்கள்.

காரண அறிக்கையில் கோயிலின் பெருமையை எழுதிப் பயனில்லை. முருகன் அருள் பற்றி இரண்டு பக்கம் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்; அதிகாரி அதில் கையெழுத்துப் போட முடியாது. அவர் தேடுவது எண்கள். சாதாரண வெள்ளிக்கிழமை எத்தனை பேர், புரட்டாசிச் சனிக்கிழமை எத்தனை பேர், ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிறு எத்தனை பேர், காவடி அன்று எத்தனை பேர். எத்தனை மணிக்கு ஒலிபெருக்கி நிற்கும். சமையல் எங்கே, குப்பை எங்கே, கழிப்பறை எத்தனை.

எல்லாவற்றையும் விடக் கார். இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிறுத்த சுமார் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். திருப்பி வெளியே வரும் பாதையையும் சேர்த்தால் காருக்கு ஏறக்குறைய 25 சதுர மீட்டர். 650 சதுர மீட்டர் மனையில் வீட்டுக்கு 200 போகட்டும். எல்லையோரம் விட வேண்டிய இடம், சரிவு, மரம் என்று 150 போகும். மிச்சம் 300. பன்னிரண்டு கார், அதுவும் தோட்டமே இல்லாமல். குடும்பத்துக்கு ஒரு கார் என்று வைத்தால் பன்னிரண்டு குடும்பம். உங்கள் அறிக்கையில் நூறு பக்தர் என்று எழுதியிருந்தால் அதிகாரியின் முதல் கேள்வி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

தீர்வு இருக்கிறது. பக்கத்துப் பள்ளித் திடலை விழா நாளில் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வாங்கி இணையுங்கள். வாய்மொழிச் சம்மதத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். உச்சவரம்பு ஒன்றை நீங்களே முன்வையுங்கள்: சாதாரண நாளில் இத்தனை பேருக்கு மேல் இல்லை என்று. தானாக முன்வைத்த வரம்பு, அவர்கள் திணிக்கும் வரம்பைவிடப் பெரும்பாலும் தளர்வாக இருக்கும்.

அக்கம்பக்கம்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் மனையில் அறிவிப்புப் பலகை, பக்கத்தாருக்குக் கடிதம், தேவைப்பட்டால் செய்தித்தாள் விளம்பரம். எதிர்ப்புச் சொல்லப் பொதுவாக 30 நாள். பலகையைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார் என்றால் பாதி தோற்றாயிற்று. அதற்கு முன்பே கமிட்டியில் மூத்த இருவர் வீடு வீடாகப் போய் வரைபடத்தைக் காட்டட்டும். நம்மவர் வீட்டுக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள். எதிர்ப்பு வருவது வேற்று மதத்தாரிடமிருந்துதான் என்று நினைப்பதும் தவறு. சனிக்கிழமை காலை வண்டியை வெளியே எடுக்க முடியாத தமிழர் வீட்டுக் கோபம் அதைவிடச் சூடு.

சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். இசிப்பிங்கோ பீச்சில் ஒரு மதரஸாவின் பாங்கு ஒலி பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது என்று 2020இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாதஸ்வரம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக் குதிக்க வேண்டாம். அது அண்டை வீட்டார் தொடுத்த வழக்கு. மாநகராட்சி உங்கள் ஒப்புதலில் போடும் நேர நிபந்தனையை அது தொடாது.

முடிவு வந்த பிறகு

மறுத்தால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் மேல்முறையீடு. எதிர்ப்பாளருக்கும் அதே உரிமை என்பதால் ஒப்புதல் கிடைத்த மறுநாளே கொத்தனாரை வரச் சொல்லாதீர்கள்.

ஒப்புதல் நிபந்தனைகளோடுதான் வரும். வெளிச்சாலை, கழிவுநீர்க் குழாய்க்கான வளர்ச்சிக் கட்டணம் அதில் இருக்கலாம். தொகை கமிட்டியை அதிர வைக்கும் அளவுக்கு இருக்கும் என்பதால் சந்திப்பிலேயே கேட்டு வைப்பது நல்லது. வேறு கெடு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குள் நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் ஒப்புதல் காலாவதி. நிதி திரட்டுவதற்குள் காலம் ஓடிவிடும் என்பதைப் பொருளாளர் நினைவில் வைக்கட்டும்.

சோனிங் கிடைத்தால் கட்டலாம் என்று அர்த்தமில்லை. 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி வரைபட அனுமதி தனி. 500 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள். கட்டி முடித்ததும் குடிபுகல் சான்றிதழ். அது இல்லாமல் குடமுழுக்கு வைத்து, பின்னால் தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதம் அதுதான்.

வரிச் சலுகையும் பெயர்ப் பதிவும்

2004ஆம் ஆண்டுச் சொத்துவரிச் சட்டம் பொது வழிபாட்டிடத்துக்கு வரி போடக் கூடாது என்கிறது. அர்ச்சகர் குடியிருக்கும் அதிகாரபூர்வ வீட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் சொத்து சமயக் குழுவின் பேரிலோ, அதன் நலனுக்காக மட்டும் நிறுவிய அறக்கட்டளையின் பேரிலோ பதிவாகியிருக்க வேண்டும். தலைவர் நம்பிக்கையானவர் என்று அவர் பேரில் வாங்கியிருந்தால் சலுகை இல்லை. அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளோடு மல்லுக்கட்டும் வாய்ப்பு வேறு. இன்னொன்று: முதன்மையாகக் கல்வி நடக்கும் கட்டடம் வழிபாட்டிடம் ஆகாது. ஆகவே தமிழ்ப் பாடசாலைக்குத் தனிக் கட்டடம் என்றால் அதற்குக் கோயில் சலுகை கிடைக்காது. பொதுநல அமைப்பாகப் பதிந்து வேறு வழியில் கேட்க வேண்டும். வரி வகையும் சோனிங்கும் தனித்தனி என்பதால் ரீசோனிங் முடிந்ததும் மதிப்பீட்டுப் பிரிவுக்கு நீங்களே எழுதுங்கள்.

சும்மா கிடக்கும் மாநகராட்சி மனை

தெருமுனையில் புல் வளர்ந்து கிடக்கும் நிலத்தின் சோனிங் ஏற்கெனவே வழிபாடு அல்லது கல்வி என்று இருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ரீசோனிங் தொல்லை இல்லை. ஆனால் மாநகராட்சி நிலத்தைக் கவுன்சிலர் கையெழுத்தில் வாங்க முடியாது. 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதிச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, அந்த நிலம் அடிப்படைச் சேவைக்குத் தேவையில்லை என்று மன்றம் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டத்தில் முடிவு செய்து, நியாயமான சந்தை மதிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். குத்தகைக்குக் கேட்பதும் ஒரு வழி. கல்வி மனை என்றால் சொந்தக்காரர் மாநகராட்சியா, மாகாணக் கல்வித் துறையா என்பதை முதலில் பத்திரத்தில் பாருங்கள். விற்பனைப் பத்திரத்தில், இத்தனை ஆண்டுக்குள் கட்டாவிட்டால் நிலம் திரும்பிப் போகும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இருந்தால், கட்டட நிதியில் பாதியாவது சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.